மணவீட்டு முற்றமும் நிழற்படமும்

திருமணம் பலர் காண நிகழ்வது. காண்பதற்கு ஒளி வேண்டும். ஆகவே, மணவினை நிகழும் இடத்தில் ஒளி எங்ஙனம் வந்து விழவேண்டும் என்னும் உணர்வு, நிழற்படக் கருவி தோன்றுவதற்கு மிகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழரிடம் இருந்தது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். வரிசையாகக் கால்கள் நட்ட பெரும்பந்தர், அதன்கீழ்ப் பரப்பிய புதுமணல், மனையில் ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், இருள் நீங்கிய அழகிய காலைப்பொழுது. புலவர் ஒளியைப் பற்றி ஆராய வந்தவர் அல்லர். ஆயினும் அவர் கூறும் பொருள்களை ஒருங்கு வைத்து நோக்குக. பந்தர் மேலிருந்து விழும் வெயிலைத் தடுக்கின்றது. அதன் பக்கங்கள் திறந்து கிடப்பதால் ஒளி பக்கவாட்டில் புகுகின்றது. மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பித் தருகின்றது. காலைப்பொழுதோ கண்ணைக் கூசச் செய்யாத பொழுது. மணமக்களின் முகம் தெளிவாகத் தெரிவதற்கு இவற்றினும் சிறந்த ஏற்பாடு வேறு யாது?

இந்த ஏற்பாடு பிற்காலத்தில் கல்லாலும் மரத்தாலும் சுண்ணாம்பாலும் நிலையாகக் கட்டப்பெற்ற இடம் ஒன்று உண்டு. அதுவே செட்டிநாட்டுப் பெருவீடு. இக்காலத்தில் மணமக்கள் பலர் நிழற்படம் எடுத்துக்கொள்வதற்கென்றே தேடிச்செல்லும் இடங்களுள் இவ்வீடுகளும் சேர்ந்துள்ளன. படத்தின் அழகைக் கண்டு, எடுத்தவரைப் பாராட்டுவோர் பலர். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரையும் தச்சரையும் நினைப்போர் மிகச் சிலரே. உண்மையில், அப்படத்தின் ஒளியில் பெரும்பங்கு கட்டியவர்கள் தந்தது. படம் எடுப்பவர் அதனைக் கண்டுகொண்டு பயன்படுத்துகின்றார்; அவ்வளவே. இதனை வரலாற்றோடு வைத்து ஆராய்தல், மலாயாவோடும் சிங்கப்பூரோடும் நெருங்கிய தொடர்புடைய ஒரு செய்தியை அறிவதும் ஆகும்.

கடல் கடந்து வந்த பொருள்

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள வறண்ட நிலப்பகுதி. முன்னாளில் 96 ஊர்கள் இருந்தன எனக் கூறுவது மரபு. இன்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களே எண்ணப்படுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர், ஆத்தங்குடி முதலியன அவற்றுள் பெயர்பெற்றவை. அங்கு வாழ்ந்த நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நிலம் விளைவிக்காத பொருளைக் கடல்வணிகத்தால் விளைவித்தனர். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பின்பும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு அரிசி வாணிகம் பெருகிய பின்பும், பர்மா அவர்களுடைய பெருங்களமாயிற்று. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், மலாய் நாட்டு ஊர்கள் ஆகியவற்றிலும் அவர்கள் வட்டித்தொழில் நடத்தினர். பினாங்கில் 1857இலும் சிங்கப்பூரில் 1859இலும் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்கள் அத்தொடர்பின் பழமைக்குச் சான்றுகள்.

இங்கு அவர்கள் வாழ்ந்த இடம் கிட்டங்கி எனப்பட்டது. ஒரு நீண்ட கூடம். அதில் ஆளுக்கொரு பெட்டியும் மேசைப்பலகையும் பாயும். பகலில் கணக்கு, இரவில் உறக்கம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகள் ஆடவர் மட்டுமே வாழ்ந்த இடங்கள். நீண்ட காலம் பெண்டிர் கடல் கடக்கவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்புவது மேலாட்களின் வழக்கம். இங்குச் சிறு பாயளவு இடத்தில் வாழ்ந்தவர்களே அங்கு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளைக் கட்டினர். தாம் பல ஆண்டுகள் குடியிராத வீட்டை ஒருவர் அத்துணைப் பெரிதாகக் கட்டுவானேன்?

புள்ளியும் அறையும்

விடை திருமணத்தில் இருக்கின்றது. நகரத்தாரிடையே ஒருவர் மணம் செய்துகொண்டதும் அத்தம்பதியர் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுவர். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒரு பங்கு உண்டு. கூட்டாக ஒரே வீட்டில் இருந்தாலும் சமையலும் கணக்கும் புள்ளிதோறும் வேறாக இருக்கும். ஆகவே, வீடு கட்டத் தொடங்கும்போதே இனி நிகழவிருக்கும் திருமணங்களை எண்ணி அறைகளை வகுத்தனர். ஒரு திருமணம் என்பது அவ்வீட்டில் ஓர் அறைக்கு விளக்கேற்றுவது போன்றது.

மேலும், பல நாடுகளில் சிதறிக் கிடந்த உறவினர் ஒருங்கு கூடும் நாள் திருமண நாளே. வாழ்க்கை, கடன், பங்கு, பகை ஆகிய யாவும் அன்று பேசித் தீர்க்கப்படும். திருமணத்தின்போது 'இசைகுடிமானம்' என்னும் ஆவணம் எழுதப்படுவதும் அவர்கள் மரபு. இன்னார் மகளை இன்னார் மகனுக்கு மணம் செய்வித்தோம் என்று எழுதி வைக்கும் சான்று அது. சான்றின் அருமையை உணர்ந்த அச்சமூகத்தார், நிழற்படம் வந்தபோது அதனை இரண்டாவது சான்றாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. வெறும் காட்சிப்பொருளாக அன்றி, இன்னின்னார் அன்று கூடியிருந்தனர் என்பதற்கு அத்தாட்சியாகவே பழைய மணப்படங்கள் சுவரில் தொங்கின.

வெளிச்சம் புகும் வழி

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். முன்னே முகப்பு, அதில் திண்ணைகள். சில வீடுகளில் முகப்பை ஒட்டிக் கல்யாணக் கொட்டகை என்னும் கூடமும் உண்டு. பெருங்கதவைக் கடந்தால் வளவு. இதுவே வீட்டின் நெஞ்சு. நடுவே வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து சற்று உயர்ந்த பட்டாலை, அதன்பின் அறைகள். வளவுக்குப் பின்னே இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என வேறு முற்றங்கள் தொடரும். வாசற்படியில் நின்று நோக்கினால், கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, பின்கதவின் வெளிச்சம் தொலைவில் ஒரு சிறு கட்டமாகத் தெரியும்.

இவ்வமைப்பு எவரும் படம் எடுப்பதற்காகச் செய்தது அன்று. மழை குறைந்த நாட்டில், ஓட்டுக் கூரையின் நான்கு சரிவுகளும் முற்றத்தை நோக்கி இறங்கி நீரைச் சேர்க்கின்றன. முற்றத்தின் மூலைகளில் அண்டாக்களை வைத்து அந்நீரைப் பிடிப்பர்; எஞ்சியது வடிகால் வழியே ஊருணிக்குச் செல்லும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நேர்க்கோட்டில் அமைந்த கதவுகளின் வழியே புதுக்காற்று உட்புகும். நீரும் காற்றும் வேண்டிச் செய்த வாயில் வழியே ஒளியும் வந்தது.

வந்த ஒளியை அவ்வீடு எங்ஙனம் பதப்படுத்துகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது. சுவர்ப்பூச்சு செட்டிநாட்டின் தனிச்சிறப்பு. சுண்ணாம்பை அரைத்துக் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசி, வழுவழுப்பாகும்வரை தேய்ப்பர். அதன் மீது விழும் ஒளி, வெறும் வெள்ளையடித்த சுவரில் போல மங்கிவிடுவதில்லை, பளிங்கில் போலக் குத்தித் தெறிப்பதும் இல்லை, மென்மையாகப் பரவுகின்றது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படுவன. ஆதலால் அவற்றின் முகமும் கண்ணாடிபோல் மின்னும். பிற்கால வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் கிடந்தது. தரை தரும் இந்த ஒளி, மணமகளின் மோவாய்க்குக் கீழும் கண்குழியிலும் தங்கும் நிழலைக் குறைக்கின்றது. அகநானூற்றுப் பந்தரின் கீழ்ப் பரப்பிய மணல் செய்த வேலையை இங்குத் தரைக்கல் செய்கின்றது.

கூரையின் முன்னிறக்கமோ வெயிலுக்கு வேலி. அது முற்றத்தின் வெயிலை உள்ளே விடாது. வானத்தின் ஒளியை மட்டும் விடும். பர்மாத் தேக்கில் கடைந்த கரிய தூண்கள் ஒளிக்கு இடையே நிழலை நிறுத்தி, படத்துக்கு ஆழம் தருகின்றன.

கண்ணாடித் தகட்டின் காலம்

இனி நிழற்படக் கலையின் வரலாற்றை நோக்குவோம். 1839இல் பாரிஸ் நகரில் டாகேர் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் ஈரமான பூச்சிட்டுப் படமெடுக்கும் முறையைக் கண்டார். சென்னையில் 1856இல் நிழற்படக் கழகம் ஒன்று தோன்றியது. அரசினரின் நிழற்படக்காரராகிய லின்னியஸ் டிரைப் என்பார் 1858இல் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமெடுத்தார். செட்டிநாட்டின் வாயிலில் உள்ள திருமயம் கோட்டையும் அவருடைய படங்களில் உண்டு. ஆனால் அக்காலத்துப் படம் கல்லையும் கோபுரத்தையும் விரும்பியது. அசையும் மனிதரை விரும்பவில்லை. ஒளியை நெடுநேரம் வாங்கினால் அன்றிப் படம் விழாது. மனிதர் அசைந்தால் படம் புகைபோல் கலைந்துவிடும்.

1871இல் மேடக்ஸ் என்பார் உலர்ந்த பசைத்தகட்டை உருவாக்கினார். 1878க்குப் பின் அது விரைவுபட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. கூடாரமும் மருந்துப் புட்டிகளும் சுமக்காமல் ஊர் ஊராகச் சென்று படமெடுக்கும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது. செட்டிநாட்டுப் பெருவீடுகள் பெருகிய காலமும், நிழற்படக்காரர் வீடுதேடிச் செல்லும் காலமும் இவ்வாறு ஒன்றாயின.

அத்தகடுகளின் இயல்பை அறிந்தால்தான் வளவின் பெருமை விளங்கும். பழைய தகடு நீல ஒளிக்கே நன்றாக வசப்படும். மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருளே. எனவே மணமகளின் சிவப்புப் பட்டு கறுத்துத் தோன்றும். மணமகனின் வெண்பட்டு கண்ணைப் பறிக்கும். குத்துவிளக்கின் மஞ்சள் ஒளியில் படம் எடுப்பது இயலாத செயல். விளக்கு எத்தனை ஏற்றினும் தகடு அதனைப் பெரிதாக மதிக்காது. 1873இல் வோகல் என்பார் தகட்டில் சாயம் சேர்த்துப் பச்சை ஒளியையும் உணரச் செய்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906 முதலே விற்பனைக்கு வந்தன.

தாழ்வாரத்தில் நிற்பவர்மேல் விழுவது நேர்வெயில் அன்று, வானத்தின் ஒளி. வானத்தின் ஒளியில் நீலம் மிகுதி. பழைய தகடு எதனை விரும்பியதோ அதனையே வளவு அள்ளிக் கொடுத்தது. ஐரோப்பிய நிழற்பட நிலையங்களில் கட்டடத்தின் உச்சியில் வடக்கு நோக்கிய கண்ணாடிக் கூரை அமைப்பது வழக்கம். வடக்கிலிருந்து வெயில் படாத வான் ஒளி சீராகக் கிடைக்கும் என்பதே காரணம். அந்த நிலையத்தைப் பெரும்பொருள் செலவிட்டு அவர்கள் கட்டினார்கள். செட்டிநாட்டில் அஃது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முன்பே இருந்தது.

எங்கே நிற்பது?

ஆயினும் வளவில் எங்கு நின்றாலும் படம் நன்றாக விழும் என்று கொள்ளுதல் தவறு. முற்றத்தின் நடுவே நின்றால் ஒளி தலைக்கு நேர்மேலிருந்து வரும். நெற்றி ஒளிர, கண்கள் குழியில் மறையும். அறைவாயிலை ஒட்டி நின்றால் ஒளி போதாது. தூண்வரிசைக்கு ஓரிரண்டு அடி உள்ளே, முற்றத்தை நோக்கி நிற்பதே சிறந்த இடம். அங்கே கூரையின் முன்னிறக்கம் மேலொளியை வெட்டிவிடுகின்றது. முற்றத்து வானமும் எதிர்ச்சுவரும் முன்பக்க ஒளியாகின்றன. அவ்வொளி கண்மணியில் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். அதனால் முகத்துக்கு உயிர் உண்டாகும். பின்னாலுள்ள பட்டாலையோ இருண்டு, மணமக்களை முன்னே தள்ளிக் காட்டும்.

ஒளி ஒருபக்கமாக வரும்படி மணமக்களைச் சற்றுத் திருப்பி நிறுத்தினால் மற்றொரு நன்மை உண்டு. நகரத்தார் மணமகளின் கழுத்தில் பூட்டப்படும் கழுத்துரு, பல உருப்படிகள் கோத்த பெரிய பொன்னணி. நேர் எதிரே ஒளி வந்தால் அதன் வேலைப்பாடு தட்டையாகிவிடும். பக்கவொளியில் ஒவ்வோர் உருப்படியும் தன் சிறு நிழலைத் தானே போட்டுக்கொண்டு தனித்தனியே தெரியும்.

பொழுதும் எண்ணத்தக்கது. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நடுப்பகல் ஞாயிறு அங்கு உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அப்போது வெயில் முற்றத்தில் செங்குத்தாக இறங்கும். தை மாதத்தில் நடுப்பகல் ஞாயிறு தெற்கே சாய்ந்திருப்பதால் வளவின் வடபுறத்தில் வெயில் படும். காலை முகூர்த்தத்திலோ எந்த மாதமாயினும் ஞாயிறு தாழ்ந்திருக்கும். முற்றம் முழுதும் நிழலில் இருக்க, மேலே வானம் மட்டும் ஒளிரும். நல்ல நேரம் என்று முன்னோர் கணித்த காலைப்பொழுது, படத்துக்கும் நல்ல நேரமாக அமைந்தது.

தாழ்வாரத்து ஒளி மென்மையானது; ஆனால் வெயிலைக் காட்டிலும் குறைந்தது. பழைய தகடு அவ்வொளியில் ஒரு வினாடியோ அதற்கு மேலோ திறந்திருக்க வேண்டும். கழுத்துரு பூட்டும் கையசைவை அதனால் பிடிக்க இயலாது. ஆகவே பழைய மணப்படங்களில் பெரும்பாலானவை வினை முடிந்தபின் நிறுத்தி வைத்து எடுத்தவை. அவற்றில் ஒருவரும் சிரிப்பதில்லை என்று இக்கால இளைஞர் நகைப்பதுண்டு. சிரிப்பை ஒரு வினாடி அசையாமல் வைத்திருப்பது எளிதன்று என்பதை அவர்கள் அறியவேண்டும். அந்த இறுக்கம் அன்பின்மையைக் காட்டுவது அன்று. தகட்டின் மெதுவான இயல்பைக் காட்டுவது.

விளக்கு வந்தபின்

கட்டடத்தின் துணையின்றிப் படமெடுக்க மனிதன் விரைவிலேயே முயன்றான். 1887இல் செர்மானியர் இருவர் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் பளீரென்று ஒளி உண்டாக்கும் முறையைக் கண்டனர். அஃது ஒளியோடு புகையையும் அச்சத்தையும் தந்தது. 1929இல் செர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. 1938இல் குழல்விளக்கும் வாணிகத்துக்கு வந்தது. இவற்றின் பயனாக, ஒளி வேண்டி முற்றத்துக்கு வரவேண்டிய தேவை நீங்கிற்று. நள்ளிரவிலும் நாற்சுவருக்குள்ளும் படம் எடுக்கலாயிற்று.

ஏறத்தாழ இக்காலத்திலேயே செட்டிநாட்டின் செல்வமும் சரிந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கொடுத்த கடன்கள் பணமாகத் திரும்பாமல் நிலமாகத் திரும்பின. 1941, 1942ஆம் ஆண்டுகளில் சப்பானியர் படையெடுப்பு மலாயாவையும் பர்மாவையும் துண்டித்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. பெருவீடு கட்டும் காலம் அத்துடன் முடிந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தன. திருமணங்கள் நகரத்துக் கல்யாண மண்டபங்களுக்குச் சென்றன.

கல்யாண மண்டபத்தைக் குறைகூறுவது நோக்கமன்று. சிறிய வீட்டில் வாழ்வோர்க்கு அது பெரிய உதவி. எனினும், ஒளியைப் பற்றிய பழைய அறிவு அதில் கைவிடப்பட்டது என்பதை மறுக்க இயலாது. ஒரு கோடியில் மேடை, அதன் பின்னே மூடிய சுவர், மேலே குழல்விளக்கு, முன்னே படக்காரரின் கடும் விளக்கு. முகம் வெளுத்து, நிழல் பின்சுவரில் கரிய உருவாக விழும். வீடு செய்த வேலையை விளக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் வீட்டைப் போல அதனை நயமாகச் செய்யவில்லை.

மீண்டும் வளவுக்கு

இவ்வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. மிகக் குறைந்த ஒளியிலும் படம் பிடிக்க வல்லது இக்கால எண்ணியல் கேமரா. ஆகவே இனி வானொளி எவருக்கும் வேண்டாம் என்று ஆகியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. விளக்கின்றியே படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தவுடன், எடுப்பவர்கள் இயற்கை ஒளியின் அழகை நாடிப் பழைய வீடுகளுக்குத் திரும்பினர். கானாடுகாத்தான், கடியாபட்டி முதலிய ஊர்களில் சில பெருவீடுகள் தங்கும் விடுதிகளாகி, மணமக்களையும் திரைப்படக்காரரையும் வரவேற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலிலும் இடம்பெற்றன.

ஆனால் வாழும் வீடுகள் ஒரு சிலவே. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் உரிமையாளர்கள். முன்னர்த் திருமணந்தோறும் பங்கு பெருகியது வீட்டுக்கு வளம். இன்று அதே பெருக்கம் வீட்டுக்குத் தளை. கூரை ஒழுகினால் பழுதுபார்க்க அனைவரும் இசைய வேண்டும். ஒருவர் சென்னையில் இருப்பார். மற்றொருவர் சிங்கப்பூரில் இருப்பார். இன்னொருவர் வீட்டைப் பார்த்தே இரார். இசைவு கிட்டாத இடத்தில் மழை தன் வேலையைச் செய்கின்றது. முடிவில் வீடு பிரிக்கப்படுகின்றது. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்பதை யாவரும் காணலாம்.

தூணை வாங்கிச் செல்பவர் அதனை வேறிடத்தில் நிறுத்தலாம். கதவை வேறு சுவரில் பொருத்தலாம். வளவின் ஒளியை மட்டும் எவரும் கழற்றி எடுத்துச் செல்ல முடியாது. அது தூணிலும் இல்லை, கதவிலும் இல்லை. முற்றத்தின் அகலத்துக்கும், கூரையின் இறக்கத்துக்கும், சுவரின் வழுவழுப்புக்கும், தரையின் மினுமினுப்புக்கும் இடையே உள்ள அளவொத்த உறவில் இருக்கின்றது. அவற்றுள் ஒன்று மாறினாலும் ஒளி மாறிவிடும். பாதுகாப்புக் கருதி முற்றத்தைத் தகரத்தால் மூடினால் வளவு இருண்ட கூடமாகும். பழம்பூச்சைக் கொத்திவிட்டு வண்ணச் சாயம் பூசினால் மணமகளின் முகத்தில் சுவரின் நிறம் ஏறும். வீட்டைக் காப்பது என்பது மரத்தையும் கல்லையும் காப்பதோடு அமையாது. அவை சேர்ந்து நடத்தும் தொழிலைக் காப்பதுமாகும். இந்த வேறுபாட்டை உணராமல் செய்யும் பழுதுபார்ப்பு, இடிப்பதற்கு ஒரு படி முந்தியதே.

ஆசிரியர்க்கு ஒரு பணி

இச்செய்தி செட்டிநாட்டோடு நிற்பதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இல்லங்களில் பழைய மணப்படங்கள் இன்னும் பெட்டியடியில் கிடக்கின்றன. அவற்றுள் சில தமிழகத்தில் எடுத்தவை. சில இந்நாட்டுக் கோயில் வாசலிலும் நிழற்பட நிலையங்களிலும் எடுத்தவை. மாணவர்க்கு வரலாறு கற்பிக்க அவற்றைவிட எளிய கருவி இல்லை.

படத்தில் இருப்பவர் யார் என்று கேட்பதற்கு முன், ஒளி எங்கிருந்து வருகின்றது என்று கேட்கச் சொல்லலாம். மூக்கின் நிழல் எப்பக்கம் விழுகின்றது? கீழ்நோக்கி விழுந்தால் மேலே திறந்த வெளி இருந்தது. பக்கத்தில் விழுந்தால் அங்கே வாயிலோ சாளரமோ இருந்தது. ஆளின் உருவம் பின்சுவரில் கரிய நிழலாகத் தெளிவாகப் பதிந்திருந்தால், முன்னே கடும் விளக்கு இருந்தது என அறியலாம். அப்படம் பெரும்பாலும் பிற்காலத்தது. கண்ணுக்குள் உள்ள வெண்புள்ளி சதுரமா, வட்டமா? சதுரமாயின் வான்வெளியோ சாளரமோ. சிறு வட்டமாயின் விளக்கு. சிவப்புப் பட்டு கறுத்திருந்தால் தகடும் பழையதாக இருக்கக்கூடும். இவ்வாறு ஒரு சிறுவன் தன் பாட்டியின் மணப்படத்தைக் கொண்டே, அது நடந்த இடத்தின் கூரையையும் பொழுதையும் காலத்தையும் ஓரளவு கண்டறிய முடியும்.

அதன்பின் பாட்டியிடம் சென்று, "இந்த வெளிச்சம் எந்த முற்றத்தில் இருந்து வந்தது, பாட்டி?" என்று அவன் கேட்கட்டும். அவர் சொல்லும் ஊர்ப்பெயரையும் வீட்டின் அமைப்பையும் படத்தின் பின்னே பென்சிலால் எழுதிவைக்கட்டும். படத்தில் இருப்பவரின் பெயரை எழுதிவைப்போர் உண்டு. இடத்தை எழுதிவைப்போர் அரியர். சொல்லக் கூடியவர் இருக்கும்போதே அதனை எழுதிவிட வேண்டும். அவ்வீடு நாளை இடிந்து போனாலும், அதில் ஒரு காலைப்பொழுதில் ஒளி எவ்வாறு விழுந்தது என்பதற்கு அப்படம் ஒன்றே சான்றாக நிற்கும்.